கொன்னாவா

ஆரம்பாக்கத்தில் ஒற்றை அறை.
வாடகை இரண்டாயிரத்து இருநூறு.
அட்வான்ஸ் பதினைந்தாயிரத்தில் ஐந்து பாக்கி.
சாவி தந்த கையோடு கௌரம்மா சொன்னாள்:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

அடிக்க ஆணி இல்லை எங்களிடம்,
மாட்டவும் பெரிதாக ஒன்றுமில்லை.
முதல் ராத்திரி
பேசியதெல்லாம் திரும்பி வந்தது.
யோகிதா அதை விளையாட்டாக்கினாள்.
அம்மா என்றாள். சுவர் அம்மா என்றது.
எத்தனை பேருக்கடி நான் அம்மா,
தூங்கு.

ஊருக்குக் கிளம்பிய ஒடிசாப் பையன்கள்
முந்நூறுக்கு விட்டுப்போனார்கள் அடுப்பை.
இரண்டு வாய், ஒன்று ஊமை.
முனிரத்தினம் தடாவிலிருந்து
சைக்கிளில் வைத்துத் தள்ளி வந்தான்
சரக்கு இறக்கிய பலகைத் தட்டு இரண்டு.
சேர்த்துப் போட்டால் கட்டில்.
எந்த தேசத்து மரமோ,
புரண்டு படுத்தால்
புரியாத பாஷையில் முனகும்.
அதற்கும் பாக்கி இருக்கிறது எண்பது ரூபாய்.

செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் என் வேலை.
ஃபிரிட்ஜ் கம்பெனி, கான்ட்ராக்ட்.
கதவைத் திற, ஐஸ் தட்டை வை,
புத்தகத்தை வை, மூடு, அட்டையைக் கவிழ்.
ஒரு ஷிஃப்டில் முந்நூற்றுச் சொச்சம் கதவு.
எதிலும் குளிர் இருந்ததில்லை இதுவரை,
புது பிளாஸ்டிக் வாசனை மட்டும்.

ஒருநாள் மூலை கிழிந்த அட்டை ஒன்று.
எடுத்துக்கொள் என்றார் சூப்பர்வைசர்,
வேறு பக்கம் பார்த்தபடி.
கேட்டில் எழுதினார்கள்: காலி அட்டை, ஒன்று.
கம்பெனி பஸ்ஸில்
அதை அணைத்துப் பிடித்து நின்றே வந்தேன்.
நிறைமாதக்காரிக்கு விடுவதுபோல் வழி விட்டார்கள்.

அறை மூலையில் நிமிர்த்தி
பிளேடால் கதவு கிழித்து
கைப்பிடிக்குச் சணல் முடிந்தேன்.
அம்புக்குறி மேலே காட்டியது.
மேலே ஆஸ்பெஸ்டாஸ்.
யோகிதா திறந்து
ஜில் தண்ணி என்று கை நீட்டினாள்.
குடத்திலிருந்து மொண்டு கொடுத்தேன்.
பல் கூசுது என்றாள் கள்ளி.

மூன்றாம் நாள் ஜன்னலில் கௌரம்மா.
ஃபிரிட்ஜு கொன்னாவா?
அவள் தெலுங்கில் வாங்கினாயா என்று அர்த்தம்.
இத்தனை நாள் கேட்டும் என் காதில்
கொன்றாயா என்றுதான் விழுகிறது.
இல்லக்கா, நான் யாரையும்,
என்று வாய்வரை வந்துவிட்டது.
கரெண்டு எச்சாகும், மாசம் முந்நூறு சேத்துக் குடு.

முந்நூறு.
ஓர் அடுப்பு.

உள்ளே கூப்பிட்டுக் கதவைத் திறந்து காட்டினேன்.
ரேஷன் அரிசி, யூனிஃபார்ம் இரண்டு,
ஆதார் கார்டுகள் போட்ட மிக்சர் டப்பா,
பாதித் தேங்காய், அதில் எறும்பு.
கையை விட்டுத் துழாவினாள்,
எங்கோ பின்னால் குளிர் ஒளிந்திருக்கிற மாதிரி.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு
வாசலை ஒருதரம் பார்த்துவிட்டு
நாக்கொகட்டி தொருகுதுந்தா என்றாள்.
எனக்கும் ஒன்று கிடைக்குமா.
இந்தத் தெலுங்கு மட்டும்
தப்பில்லாமல் விழுந்தது.
அவள் வீட்டுத் துணிகளும்
வருஷம் முழுக்கக் கொடியில்தான் கிடக்கின்றன,
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முந்நூறைப் பற்றிப் பிறகு அவள் பேசவில்லை.
பாக்கி ஐந்தாயிரத்தைப் பற்றிப் பேசுவாள்.

நேற்றுவரை கிழிசல் எதுவும் வரவில்லை.
எல்லாம் விறைப்பாக, மூலை கூராக.
இன்று மதிய ஷிஃப்டில்
நல்ல அட்டை ஒன்றின் ஓரத்தில்
என் கட்டைவிரல் நகம்
கொஞ்சம் நின்றது.
பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.